மஞ்சள் வைத்த பாவாடை

1

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூவரும் உடுத்துகிறவற்றில் உள்ளாடையையும் காலுறையையும் தவிர மற்றதெல்லாம் முன்பு வேறு யாரோ போட்டது. இதை எழுத்தில் ஒத்துக்கொள்ள எனக்கு எட்டு வருஷம் பிடித்திருக்கிறது. திருத்தணியில் இதைப் படிக்கப்போகிற என் சொந்தக்காரர்களில் சிலர் கையிலிருக்கிற காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். வைக்கட்டும்.

இங்கிலாந்தின் வடக்கில், வெயில் காலத்திலும் கம்பளி கேட்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குப் பார்சல் கிடங்கில் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில். மகள் தீபிகாவுக்குப் பதினான்கு வயது. வந்த முதல் மாதம் அவளுக்குக் குளிர்க்கோட்டு வாங்கலாம் என்று கடைத்தெருவுக்குப் போனோம். விலைச்சீட்டைப் பார்த்தேன், மனசுக்குள் ரூபாயாக மாற்றினேன், கோட்டை மாட்டிய இடத்திலேயே மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாடகை, விசாக் கட்டணம், அந்த விசாவுக்கு மேல் ஒரு மருத்துவக் கட்டணம் என்று எல்லாம் போக எங்களிடம் மிஞ்சியது பெருமூச்சுதான். வீட்டுக்காரர் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் குழந்தைக்குச் சுற்றிவிட்டு, நடந்தால் குளிராது என்று சொல்லிக்கொண்டே நடுங்கிக்கொண்டு வந்தார்.

அப்படி நடந்து வந்தபோதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது. இந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டாத துணி, செருப்பு, புத்தகம், பீங்கான் எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு வந்து சும்மா கொடுத்துவிடுகிறார்கள். கடையில் இருப்பவர்கள் அதைத் தரம் பிரித்து, சுருக்கம் நீக்கி, சல்லிசாக விற்கிறார்கள். வருகிற பணம் ஏதாவது ஒரு நோய்க்கோ நாய்க்கோ போகிறது. நான் அதற்குத் தர்மக்கடை என்று பெயர் வைத்தேன். அடுத்தவர் கழற்றிப் போட்டதை வாங்குகிறோமே என்று உறுத்தும்போதெல்லாம், நீயும் ஒரு நோயாளிக்குத் தர்மம்தானே செய்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எட்டு வருஷத்தில் தொழில் நன்றாகவே படிந்துவிட்டது. கோட்டு வாங்க வேண்டிய மாதம் மே. யாரும் அதைத் திரும்பிப் பார்க்காத நேரம். முதலில் அக்குள், அப்புறம் காலர், அப்புறம் ஜிப். பேண்ட் என்றால் முழங்கால். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பூச்சி அரித்த ஓட்டை தெரிந்துவிடும். முகர்ந்து பார்க்கத் தயங்கக் கூடாது. வீட்டுக்காரர் மட்டும் இன்றுவரை கடைக்குள் வரமாட்டார். வாசலில் நின்றுகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போலப் பாவனை செய்வார். ஆனால் கொண்டுவந்த சட்டை எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கடையைப் பார்த்துக்கொள்கிற மோரீனுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சம்பளம் வாங்காமல் வந்து வேலை செய்கிறவர். என்னை மிஸஸ் கன்னியப்பன் என்றுதான் கூப்பிடுவார். கன்னியப்பன் எங்கள் நைனா; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அப்போது படிவம் நிரப்பியவர் நைனாவின் பெயரைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் நான் என் நைனாவின் திருமதி. விளக்கப் போனால் இன்னொரு படிவத்தை எடுத்து நீட்டுவார்கள். விட்டுவிட்டேன்.

2

பழசை வாங்க மனசு ஒத்துக்கொண்டது. பழசாகவே பிள்ளைக்குப் போட்டுவிட மனசு வரவில்லை. அதற்கு ஒரு வழி எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருந்தது.

நைனா திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற லாரியில் டிரைவர். அரவை நடக்கிற மாதங்களில் கையில் காசு இருக்கும், மற்ற மாதங்களில் இருக்காது. எனக்கும் அக்கா குமாரிக்கும் நான்கு வயது வித்தியாசம். அதனால் புதுத்துணி அவளுக்கு, அது சிறுத்த பிறகு எனக்கு. அக்காவின் பாவாடைகளில் உள்பக்கம் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். என்னிடம் வந்து சேர்கிறபோது மடிப்பு இருந்த இடங்களில் மட்டும் நிறம் மங்காமல் பட்டை பட்டையாகத் தெரியும். ஊரில் எல்லாரும் அதைப் பார்த்தே இது அக்கா பாவாடை என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு, எனக்கு ஆறு வயது இருக்கும், புதுசு இல்லாமல் முருகன் மலைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே தெருவெல்லாம் காவடியும் மேளமுமாக இருக்கிறது. அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அக்கா அடுப்படிக்குப் போய் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பாவாடையின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தாள். எங்கள் வீட்டில் புதுத்துணிக்குச் செய்கிற அத்தனையையும் செய்தாள்.

"மஞ்ச வச்சாச்சு இல்ல? இப்ப இது புச்சு. எழுந்து கட்டிக்க" என்றாள்.

பத்து வயதில் அவள் சொன்னதை நான் நாற்பத்திரண்டு வயதிலும் நம்பிக்கொண்டிருக்கிறேன். தர்மக்கடையிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் வெந்நீரில் அலசிக் காயவைத்து, காலருக்கு உள்பக்கம் மஞ்சளால் ஒரு பொட்டு வைப்பேன். வீட்டுக்காரர் சட்டைக்கும் உண்டு, தீபிகாவின் பள்ளிச் சீருடைக்கும் உண்டு. அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மிகப் பணிவான கடிதம். தங்கள் வீட்டுத் துவைக்கும் இயந்திரத்தில் ஏதேனும் கோளாறு இருந்தால் தயங்காமல் தெரிவிக்கவும், உதவி செய்ய ஏற்பாடு உண்டு என்று எழுதியிருந்தார்கள். எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில் ஒரே கறை எப்படி வரும் என்று அவர்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருக்க வேண்டும். நான் போய் விளக்கினேன். டீச்சர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அடுத்த வாரம் இலவசமாக இரண்டு புதுச் சட்டை கொடுத்தனுப்பினார்கள். அவற்றுக்கும் பொட்டு வைத்தேன்.

இப்போது காலம் தலைகீழாகிவிட்டது. தீபிகாவும் அவள் சிநேகிதிகளும் சனிக்கிழமையானால் பழைய துணிக்கடைகளில்தான் கிடக்கிறார்கள். அதுதான் நாகரிகமாம். யாருக்கு எந்தக் காலத்துக் கோட்டு கிடைத்தது என்று படம் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். நான் எட்டு வருஷமாக ஒளித்துச் செய்ததை இவள் ஊருக்கெல்லாம் காட்டுகிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். பள்ளியில் அவளுக்கு டீப்ஸ் என்று பெயர். வீட்டில் அந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாது என்று நான் போட்ட சட்டத்தை அவள் அப்பாவே மதிப்பதில்லை.

ஆனால் ஊருக்கு மட்டும் நான் எதையும் சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் போனபோது எல்லாருக்கும் துணி எடுத்துக்கொண்டு போனேன். எல்லாம் தர்மக்கடை. அக்கா திருத்தணி மெயின் ரோட்டில் ஒரு துணிக்கடையில் இருபது வருஷமாகப் பட்டுச் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நகரி, புத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கு, ஆர்.கே.பேட்டைக்காரர்களிடம் தமிழ். அவள் தலைக்கு நேர் மேலே ஏசி. சாயங்காலம் ஆனால் தோள்பட்டை விட்டுப்போகிறது என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளுக்காகச் சாம்பல் நிறத்தில் நல்ல கம்பளி ஸ்வெட்டர் ஒன்று, முன்னால் பொத்தான் வைத்தது, தேடி எடுத்தேன். தர்மக்கடைச் சீட்டைக் கத்தரித்தேன். மெல்லிய தாளில் சுற்றி, பெரிய கடையில் புதுசாக வாங்கியது என்று சொல்லிக் கொடுத்தேன். அக்கா பிரித்து, கையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். நல்லா இருக்குது என்றாள். அன்றே மஞ்சள் வைத்துக் கடைக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

3

போன வருஷம் ஆடிக்கு, இங்கே வேலைக்கு வந்த பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருவர் கையில் அக்கா ஒரு பட்டுப்பாவாடை கொடுத்தனுப்பினாள். அரக்குச் சிவப்பு, மாம்பழ நிறக் கரை. அவள் வேலை செய்கிற கடையின் பையிலேயே வந்தது. புது ஸ்டாக் பட்டு, ஸ்டாஃபுக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள், நானே தைத்தேன் என்று போனில் சொன்னாள். ஓரத்தில் மஞ்சள் இருந்தது. நான் வேலை முடிந்து வந்து காலை நீட்டிக்கொண்டிருந்த நேரம். அழகாக இருக்கிறது என்று சொல்லி, தீபிகாவைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு அது தீபிகாவின் அலமாரிக்குள் போய்விட்டது.

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு, நான் போட்டதுதான். ஜனவரியிலும் ஜூலையிலும் அலமாரியைத் திறக்க வேண்டும். ஆறு மாதமாகப் போடாதது, உடம்புக்குச் சேராதது எல்லாம் பைக்குள். பை தர்மக்கடைக்கு. வாங்கிக்கொண்டே இருந்தால் போதாது, கொடுக்கவும் வேண்டும் என்று மகளுக்குப் பெரிய பிரசங்கமே செய்திருக்கிறேன். இந்த ஜூலையிலும் முதல் சனிக்கிழமை பை தயாராக வாசலில் இருந்தது. சொன்னதைச் செய்திருக்கிறாளே என்று பூரித்துப்போய், உள்ளே என்ன என்று கூடப் பார்க்காமல் நானேதான் தூக்கிக்கொண்டு போய் மோரீனிடம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்குக் கடை விடுமுறை. எங்களுக்குக் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள். இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் வருகிறோம், டிக்கெட் போட்டாகிவிட்டது. மலைக்கு எப்போது போவது, கூட்டத்துக்கு முன்னால் பாவா, அக்கா வீட்டுக்காரர், தன் ஷேர் ஆட்டோவில் எதுவரை கொண்டுபோய் விட முடியும் என்றெல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் சொன்னாள்.

"அந்தப் பாவாடைய மறக்காம எடுத்துகினு வா. பாப்பா அதைக் கட்டிகினுதான் மலை ஏறணும். எனக்கு வேற எதுவும் நீ வாங்கினு வர வேணாம்."

அக்கா என்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. நான் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். அதனால் போனை வைத்த கையோடு மாடிக்குப் போய்த் தீபிகாவின் அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டு, கீழ் தட்டு, கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குள். எங்கேயும் இல்லை. மூன்றாவது தடவை தேடும்போதுதான் வாசலில் இருந்த பை நினைவுக்கு வந்தது.

4

மூன்றரைக்குத் தீபிகா பள்ளியிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கேட்டேன். ஆமாம், பையில் போட்டேன் என்றாள். முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு வருஷமாக ஒரு தடவைகூடப் போடவில்லை, முட்டிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது, உன் விதிப்படி இரண்டு காரணம் இருந்தது அம்மா என்று இங்கிலீஷில் வரிசையாகச் சொன்னாள். விதி என்னுடையது. பையைத் தூக்கிக்கொண்டு போன கையும் என்னுடையது. கத்த வேண்டும்போல இருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

பெரியம்மா அதைக் கேட்கிறாள் என்று மட்டும் சொன்னேன். தீபிகா என் முகத்தைப் பார்த்தாள். புத்தகப் பையைக் கீழே போட்டுவிட்டு, வா என்று எனக்கு முன்னால் தெருவில் இறங்கிவிட்டாள்.

கடையில் துணிமாட்டி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். பாவாடைகள் பக்கம் இல்லை. திரைச்சீலை, மேஜைவிரிப்பு வைத்திருக்கிற கூடையில் இல்லை. மோரீனிடம் கேட்டேன். சிவப்பு, நீளம், ஓரத்தில் மஞ்சள் கரை என்று கையால் வரைந்து காட்டினேன். அவருக்கு நினைவு வந்துவிட்டது. அழகான பட்டு, ஆனால் பாவம், கறை பட்டிருந்தது என்றார். திங்கட்கிழமை முழுவதும் சோப்பு வைத்துத் தேய்த்துப் பார்த்தாராம். போகவில்லையாம். கறை பட்டதைக் கடையில் மாட்டக் கூடாது என்று சட்டம். அதனால் கந்தல் மூட்டைக்குப் போட்டுவிட்டேன் என்றார்.

புதுசு என்று காட்டுவதற்கு என் அக்கா வைத்த பொட்டுக்கு இங்கே கந்தல் என்று பெயராகிவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மூட்டைகள் எங்கே என்று கேட்டேன். பின்னறையில் இருக்கின்றன, எடை போட்டு வாங்குகிற வண்டி நாளைக் காலை வரும் என்றார். போயிருந்தால் அப்புறம் யாருக்கும் தெரியாது. கந்தல்கள் ஏதோ ஒரு கிடங்குக்குப் போய், அங்கிருந்து கப்பலில் ஏதோ ஒரு நாட்டுக்குப் போகும் அல்லது அரைத்து மெத்தைக்குள் அடைப்பார்கள்.

பின்னறைக்குள் வெளியாட்களை விடக் கூடாதாம். அதற்கும் சட்டம் இருக்கிறது. மூட்டை சரிந்து மேலே விழுந்தால் யார் பொறுப்பு? மோரீன் என்னைப் பார்த்தார், தீபிகாவைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த இரண்டு ஊதா மேலங்கிகளை எடுத்து எங்களுக்கு மாட்டிவிட்டு, இப்போது நீங்கள் இருவரும் தன்னார்வலர்கள், ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிடுவேன் என்றார்.

5

பதினோரு மூட்டைகள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உருண்டது. கிழிந்த படுக்கை விரிப்புகள், ஒற்றைக் காலுறைகள், குழந்தைகளின் வாந்திக்கறைச் சட்டைகள், பூனை முடி அப்பிய கம்பளிகள். தீபிகா முதலில் இரண்டு விரலால் எடுத்தாள். நான்காவது மூட்டைக்கு வரும்போது முழங்கைவரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். மோரீன் வந்து எட்டிப் பார்த்து, கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

ஏழாவது மூட்டையில் அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு பழைய ரெயின்கோட்டுக்குள் சுருண்டு கிடந்தது. வெளியே இழுத்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். கசங்கியிருந்தது, மோரீன் தேய்த்த இடம் வெளிறியிருந்தது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. நான் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

தீபிகா அதை என்னிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக் காட்டினாள். பார் அம்மா, குட்டைதானே, நான் பொய் சொல்லவில்லை என்றாள். எனக்கு உடனே பொறி தட்டியது. அக்கா தைத்தது எப்படி மடிப்பு இல்லாமல் இருக்கும்? கீழ் ஓரத்தைத் திருப்பினேன். மூன்று மடிப்பு இருந்தது. இதைப் பிரித்தால் நீளமாகும், இதுகூடத் தெரியாமல் தூக்கிப் போட்டாயே என்று சொல்லி, ஒரு மடிப்பின் தையலை நகத்தால் நெம்பிப் பிரித்துக் காட்டினேன். உள்ளே துணி பளிச்சென்று சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பின் நடுவில், பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை. அதைச் சுற்றிச் சிவப்பு நூலால் நெருக்கமாக இழையோட்டி அடைத்திருந்தது.

அந்த ஓட்டையை நான் போட்டேன்.

அக்கா கல்யாணத்தில் எனக்குப் பதினாறு வயது. ஆரத்தித் தட்டை நான்தான் எடுப்பேன் என்று சண்டை போட்டு வாங்கி, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சுற்றினேன். கற்பூரம் நழுவி அக்கா மடியில் விழுந்தது. அவள் சட்டென்று கையால் தட்டி அணைத்துவிட்டு, அந்த இடத்தைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அத்தனை விலையில் வாங்கிய முதல் சேலை அது. நைனா ஒரு அரவைப் பருவம் முழுக்க ராவும் பகலும் லாரி ஓட்டி வாங்கியது. அக்கா அம்மாவிடமும் சொல்லவில்லை, என்னையும் முறைக்கவில்லை. கல்யாணம் முடியும்வரை ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்தபடியே நின்றாள். எல்லாரும் பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பின்னறையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இதைத் தீபிகாவிடம் சொன்னேன். அவள் ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள். இது பெரியம்மாவின் கல்யாணச் சேலையா, வெட்டினார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிரித்துக் கொட்டியதையெல்லாம் திரும்ப மூட்டைக்குள் கட்டுவதற்கு அவள்தான் அதிகம் வேலை செய்தாள்.

மோரீன் அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். கந்தலுக்கு விலைச்சீட்டு கிடையாதாம்.

6

பெரியம்மாவிடம் மூச்சு விடாதே என்று தீபிகாவுக்குச் சொல்லிவைத்தேன். கிடைத்துவிட்டது, கட்டிக்கொண்டு மலை ஏறு, முடிந்தது கதை. அக்காவுக்கு எதற்கு வீண் வருத்தம்? உண்மையில் எனக்குத்தான் பயம். இதைப் பேச ஆரம்பித்தால் கல்யாணச் சேலையைப் பற்றிக் கேட்க வேண்டி வரும். புதுசு என்று ஏன் பொய் சொன்னாய் என்று நான் கேட்கிற வாய், அந்தச் சாம்பல் ஸ்வெட்டரைப் பற்றியும் பேச வேண்டிய வாய். நான்கு நாள் அக்கா கூப்பிட்டபோதெல்லாம் வேலையில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வீடியோவில் வந்தாள். அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கடைக்குப் பின்னால் துணிக்கட்டு அடுக்கியிருக்கிற அறையில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு டேப், உடம்பில் அந்த ஸ்வெட்டர். நான் டிக்கெட், பெட்டி எடை என்று எதையோ பேசிக்கொண்டிருந்தேன். தீபிகா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் பாவாடை. என் பக்கத்தில் உட்கார்ந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பெரியம்மா, நான் இத வேணாம்னு தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். அத்தனை நீளமான தமிழ் வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டுப் பல மாதம் ஆகிறது. "அப்பறம் நானும் அம்மாவும் தேடி எடுத்தோம். சாரி பெரியம்மா. எனக்கு உன்னோட கல்யாண சேலைன்னு தெரியாது."

ஏன் போட்டாய், பிடிக்கவில்லையா என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். குட்டையாக இருந்தது என்று தீபிகா சொன்னாள். குட்டையா என்று அக்கா திருப்பிக் கேட்டாள். அந்தச் சொல்லில்தான் அவள் முகம் மாறியது.

எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி, கல்யாணப் பட்டை எதற்கு அக்கா வெட்டினாய், அதைப் போய்ப் புது ஸ்டாக் என்று சொன்னாயே என்று கத்தினேன். கத்தும்போதே அழுதுவிட்டேன்.

அக்கா சிரித்தாள். போட்டிருந்த ஸ்வெட்டரின் கையை இழுத்து, முழங்கை பக்கம் கேமராவுக்கு நேரே காட்டினாள். கம்பளி அங்கே தேய்ந்து திரி திரியாக எழும்பியிருந்தது. நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது.

"இதக் குடுக்கும்போது நீ எப்படிச் சொன்னியோ, அப்படித்தான் நானும் சொன்னேன்" என்றாள்.

இருபது வருஷமாகத் துணி தடவிப் பிழைக்கிற கையை ஏமாற்றிவிட்டதாக மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மானம் போன மாதிரியும் இருந்தது, மூன்று வருஷப் பாரத்தை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது. அவளுக்கு இதில் கோபம் எதுவும் இல்லை. ஏசிக்கு நல்லா அடக்கமா இருக்குது, பாவா கேட்டாலும் தரமாட்டேன் என்றாள்.

பிறகு சேலையைப் பற்றிச் சொன்னாள். போன தடவை வந்திருந்தபோது, அப்போது தீபிகாவுக்குப் பதினொரு வயது, கூடத்தில் மாட்டியிருக்கிற கல்யாணப் படத்தைப் பார்த்து, பெரியம்மா, இந்தக் கலர் டிரெஸ் எனக்கு வேணும் என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு இரண்டும் ஆண் பிள்ளை. பெட்டியிலிருந்து ஒரு துணியை எனக்குக் கொடு என்று அவளிடம் கேட்டவர்கள் யாருமில்லை. பாவாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கத்தரி வைத்தாளாம். கல்யாணப் பட்டை வெட்டினால் நான் குதிப்பேன் என்று தெரிந்துதான் புது ஸ்டாக் என்று சொன்னாளாம்.

தீபிகா என்னைப் பார்த்தாள். நான் கேட்டேனா என்று இங்கிலீஷில் என்னிடம் கேட்டாள். அவளுக்கு நினைவே இல்லை. பதினொரு வயதில் கேட்டதையெல்லாம் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கேட்கப்பட்டவள் வைத்திருந்தாள்.

அக்கா அதற்குள் தொழிலுக்கு வந்துவிட்டாள். மூன்று மடிப்பு வைத்திருக்கிறேன், பிரித்தால் பத்துமா பார்க்க வேண்டும், இடுப்பிலிருந்து பாதம்வரை அளந்து சொல்லு என்றாள். தீபிகா தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். நான் அளக்கப் போனேன், தானே அளக்கிறேன் என்றாள். இடுப்பில் ஒரு முனையைப் பிடித்துக் குனிந்து, செண்டிமீட்டர் கணக்கில் ஏதோ சொன்னாள். அதெல்லாம் எனக்குத் தெரியாது, இஞ்சில சொல்லு என்றாள் அக்கா. தீபிகா டேப்பைத் திருப்பிப் பிடித்தாள்.

"முப்பது… எட்டு" என்றாள் தமிழில்.

அக்கா போனை எதிரே சாய்த்து வைத்துவிட்டுத் தன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். முப்பத்தெட்டை விரலால் பிடித்துத் தன் இடுப்பில் வைத்து, முனையைக் கீழே விட்டுப் பார்த்தாள். டேப் அவள் பாதத்தைத் தாண்டித் தரையில் மடங்கிக் கிடந்தது. பக்கத்திலிருந்த துணிக்கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ என்னவிட ஒசரமாயிட்டியாடி?" என்றாள். உள்ளங்கையைக் கவிழ்த்துத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். "நான் இன்னும் உன்ன இவ்ளோ ஒசரத்துலயே வச்சிகினு இருக்கேன்."